லூப் என்னும் மடக்கு

ஒரு தாளிலுள்ள பதிவுகளை இன்னொரு தாளோடு ஒப்பிட்டு, பொருந்தியவற்றை மட்டும் நகலெடுக்க விரிதாளில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதுவோர் நாள்தோறும் புழங்கும் சொல் 'லூப்'. ஒரே கட்டளை வரிகளை மீண்டும் மீண்டும் ஓடவைக்கும் அமைப்பு அது. கயிறோ நூலோ வளைந்து தன்னையே வந்து தொடும் மடிப்பைத்தான் ஆங்கிலத்தில் இச்சொல் குறித்தது. கணிப்பொறிக்குள் அச்சொல் பின்னாளில் நுழைந்தது. 1843இல், சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த கணக்கிடும் இயந்திரமான பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி எழுதிய கணித அறிஞர் ஏடா லவ்லேஸ், மீண்டும் மீண்டும் நிகழும் செயல்தொகுதியைச் 'சைக்கிள்' என்றே குறித்தார். இன்று எக்செலின் நிரல்மொழியான விபிஏவில் லூப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க நாம் எழுதும் 'ஃபார்', 'நெக்ஸ்ட்' என்னும் இணை, 1964இல் பிறந்த பேசிக் என்னும் நிரல்மொழியின் வழி வந்தது.

தமிழில் வளையம், கண்ணி, சுழற்சி, மடக்கு எனப் பல சொற்கள் இதற்கு வழங்குகின்றன. வளையம் வடிவத்தை மட்டும் காட்டுகிறது; கண்ணி சங்கிலியையோ விலங்கு பிடிக்கும் பொறியையோ நினைவூட்டுகிறது. மடக்கே பொருத்தமானது என்பது என் கருத்து. ஒரே எழுத்துத்தொடர் செய்யுளில் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவதை மடக்கு என்று அணியிலக்கணம் சொல்கிறது. நிரலிலும் அதே வரிகள்தாம் திரும்ப வருகின்றன. அவை கையாளும் மதிப்புதான் மாறுகிறது. (மடக்கை என்பது வேறு, அது கணிதத்தின் லாகரிதம்.)

முதல் தாளில் 500 பொருள் எண்களும், இரண்டாம் தாளில் 2,000 பொருள் எண்களும் அவற்றின் விலையும் இருப்பதாகக் கொள்வோம். வெளி மடக்கு முதல் தாளின் ஒரு வரிசையில் நிற்க, உள் மடக்கு இரண்டாம் தாளை மேலிருந்து கீழாகப் படித்து, எண் பொருந்திய இடத்தில் விலையை எடுத்து முதல் தாளில் அந்த எண்ணின் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறது. எழுதியவுடன் 'எக்ஸிட் ஃபார்' கொடுத்து உள் மடக்கை முறிக்காவிட்டால், மொத்தம் 10,00,000 ஒப்பீடுகள் நடக்கும். அதோடு, ஒரே எண் இரண்டாம் தாளில் இருமுறை இருந்தால் பின்னால் வரும் விலை முன்னதை அழித்துவிடும்.

இங்கே இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. கட்டமைப்பு முழுவதும் மடக்கு என்றால், அதிலுள்ள வரிகள் ஒருமுறை ஓடி முடிவதைச் 'சுற்று' எனலாம். வெளி மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் உள் மடக்கு முதல் வரிசையிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது என்று சொல்லும்போது குழப்பம் எழுவதில்லை. இரண்டுக்கும் 'லூப்' என்றே பேசுவோர்தாம் எது எத்தனை முறை ஓடியது என்று தடுமாறுகிறார்கள்.

எல்லாச் சுற்றுகளும் ஓடி முடிந்தும், கண்ணுக்குத் தெரிந்த பொருத்தம் சிக்காமல் போவதுண்டு. அப்போது பிழை பெரும்பாலும் மடக்கில் இராது: ஒரு தாளில் 101 எண்ணாகவும் மற்றதில் உரையாகவும் பதிவாகியிருக்கும், அல்லது கடைசி இலக்கத்துக்குப் பின் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இரு பக்கத்தையும் உரையாக மாற்றி, 'ட்ரிம்' கொண்டு ஓரத்து வெற்றிடத்தை நீக்கிய பிறகு ஒப்பிட்டால் அதே மடக்கு சரியாக ஓடும்.