பகா எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா?

2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் அது வரும். ஆனால் ஆர்எஸ்ஏ (RSA) என்னும் மறைகுறியீட்டு முறையின் சாவிக்கு அது உதவாது, ஏனென்றால் ஊருக்கே தெரிந்த எண் அது. 2048 பிட் (0, 1 என்னும் இரும இலக்கம்) நீளமுள்ள சாவிக்கு வேண்டியவை தலா 1024 பிட், அதாவது 309 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்கள். அவற்றின் பெருக்குத்தொகைதான் எல்லாருக்கும் தெரியும் பொதுச் சாவி. அந்தப் பகா எண்களை யாராலும் ஊகிக்க முடியக் கூடாது.

இந்த அளவில் பகா எண்கள் அரிதும் அல்ல. சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று, ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுத்தால் 355-க்கு ஒன்று கிடைக்கும். 1024 பிட்களைத் தற்போக்காக (random) எடுத்து, முதல் இரண்டு பிட்களையும் கடைசிப் பிட்டையும் 1 ஆக்குவார்கள். முதல் இரண்டும் 1 ஆக இருந்தால் பெருக்குத்தொகை நிச்சயம் சரியாக 2048 பிட் வரும். பிறகு சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 3, 5, 7 மூன்றுமே பாதிக்கு மேற்பட்டவற்றைக் கழித்துவிடும்.

மிஞ்சியவற்றுக்கு ஃபெர்மா சோதனை மட்டும் போதாது. அந்தச் சோதனையில் ஓர் எண்ணை (அடி) எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுப்பார்கள்; மீதி 1 வந்தால் தேறியது. 561 என்பது 3×11×17. ஆனாலும் தனக்குப் பொதுக் காரணி இல்லாத எல்லா அடிகளிலும் அது அந்தச் சோதனையில் தேறிவிடும். அடுக்கைப் படிப்படியாக இரட்டிப்பாக்கி மீதியைப் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனையில் மாட்டிக்கொள்ளும்: 2-இன் 140-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால் மீதி 67, 280-ஆம் அடுக்கில் மீதி 1. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 ஆகும் மீதி 1 அல்லது −1 மட்டுமே. 67 வந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. ஓர் அடியை வைத்துச் செய்யும் ஒரு சுற்றில் பகு எண் தப்பும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. அடிகளை ஒவ்வொரு முறையும் தற்போக்காகவே எடுங்கள். நிலையான அடிகளை ஏமாற்றும் எண்களை வேண்டுமென்றே உருவாக்க முடியும்.

இரண்டு பகா எண்களும் நெருங்கி இருந்தாலும் ஆபத்துதான். 8051-ஐ 90²−7² என்று எழுதினால் 83×97 என்று உடனே உடைந்துவிடும். பெரிய எண்ணிலும் இதே வழி செல்லுபடியாகும்.

நடைமுறையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பகா எண் திரும்ப வருவது. ஒரு சாவி 8051, இன்னொன்று 8383 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 332. 8051-ஐ 332-ஆல் வகுத்தால் மீதி 83. அது 332-ஐ மீதியின்றி வகுக்கிறது. இரண்டு சாவிகளுக்கும் பொதுவான காரணி அதுவே, இரண்டும் ஒரே நேரத்தில் போயின. 617 இலக்கம் கொண்ட 2048 பிட் சாவிகளிலும் இந்த யூக்ளிட் கணக்கு நொடிக்குள் முடியும். 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்திலிருந்து பொதுச் சாவிகளைத் திரட்டி இப்படித்தான் ஏராளமானவற்றை உடைத்தார்கள். சிக்கியவற்றில் பெரும்பாலானவை ரவுட்டர் போன்ற சிறு சாதனங்கள். முதல்முறை இயக்கியதும், போதிய தற்போக்குத் தரவு சேரும் முன்பே அவை சாவியை உருவாக்கிவிட்டிருந்தன.

அத்தகைய சாதனத்துக்கான சாவியை நல்ல தற்போக்கு மூலம் உள்ள கணினியில் உருவாக்கி, பாதுகாப்பாக ஏற்றுங்கள். பலவீனமான சாவி என்று தெரிந்தால், அந்தச் சாவி யாருடையது என்று உறுதிசெய்யும் சான்றிதழை மட்டும் புதுப்பித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பழைய சாவியிலேயே புதுச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பகா எண்கள் மாறுவதில்லை. சாவி இணையைப் புதிதாக உருவாக்கி, பழைய சான்றிதழை ரத்து செய்ய வேண்டும்.