கிரிக்? கிராக்! – ஒரு சொல் விளக்கம்

கரீபியத் தீவுகளின் சிறுவர் கதை ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தால், கதைக்குள் நுழையும் முன்பே ஒரு சொல் வழிமறிக்கும். கதைசொல்லி 'கிரிக்?' என்று கேட்பார். கூட்டம் 'கிராக்!' என்று கத்தும். அதற்கப்புறம்தான் கதை. ஹைத்தி, மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா, கிரெனடா, டிரினிடாட் என்று பல தீவுகளில் இந்த ஜோடிச் சொல் வழங்குகிறது. இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பேச்சில் 'அவன் ஒரு கிராக்கு' என்கிறோமே, அந்தக் கிராக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது கிறுக்கைக் குறிக்கும் ஆங்கில வழிச் சொல். இது பிரெஞ்சிலிருந்து வந்த ஒலிக்குறிப்பு. ஏதாவது முறியும்போதும் கிழியும்போதும் எழும் ஓசையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கிரிக் கிராக்' என்பார்கள், நாம் 'மடக்' என்றும் 'மளுக்' என்றும் சொல்வதைப் போல. அகராதிப் பொருள் அவ்வளவுதான்.

அந்த ஓசை கதைக்குள் வந்தது கப்பல் வழியாக. பிரெஞ்சு மாலுமிகள் இரவில் கதை சொல்லும்போது, சொல்பவர் 'கிரிக்!' என்பார், மற்றவர்கள் 'கிராக்!' என்பார்கள். அவர் 'சபோ!' என்றால், இவர்கள் 'குயியேர் அ போ!' என்பார்கள். முதலாவது மரச்செருப்பு, இரண்டாவது சட்டி அகப்பை. பொருள் தேட வேண்டாம். 'போ'வுக்கு 'போ' எதுகை, அது போதும். யார் விழித்திருக்கிறார்கள், யார் தூங்கிவிட்டார்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

1635-இல் மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். ஹைத்தியும் 1804-இல் விடுதலை பெறும்வரை அவர்கள் பிடியில் இருந்தது. ஆனால் சொல்லை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அந்த மாலுமிகளின் வாரிசுகள் அல்ல, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வாரிசுகள். அவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. செனகலின் வோலோஃப் மொழியில் கதைசொல்லி 'லேபோன்' என்றால் கேட்பவர்கள் 'லிப்போன்' என்பார்கள். நைஜீரியாவின் யொரூபா மொழியில் 'ஆலோ ஓ!' என்றால் 'ஆலோ!' என்று பதில் வரும். பழக்கம் ஊரிலிருந்தே கூட வந்தது. ஓசை மட்டும் எசமானர்களின் மொழியில் கிடைத்தது. கிரிக்-கிராக் ஒரு பிரெஞ்சுச் சொல் என்று மட்டும் எழுதி முடிப்பது பாதி உண்மைதான் என்பது என் எண்ணம்.

அதே கதைகளில் வரும் ஒரு பெயரைப் பாருங்கள். ஹைத்திக் குழந்தைகள் எல்லோருக்கும் பூக்கியைத் தெரியும். பேராசைக்காரன், ஏமாளி, எப்போதும் பசி. குட்டி மலீஸ் என்ற தந்திரக்காரனிடம் ஒவ்வொரு கதையிலும் ஏமாறுவான். 'பூக்கி' வோலோஃப் மொழியில் கழுதைப்புலி. ஹைத்தியில் கழுதைப்புலியே கிடையாது. விலங்கு கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, பெயர் மட்டும் கதையோடு வந்து மனிதனாகிவிட்டது.

டிரினிடாட் எப்படி இந்தப் பட்டியலில் வந்தது என்று கேட்கலாம். அது ஸ்பானியர் தீவு, பிறகு ஆங்கிலேயர் தீவு. 1783-இல் ஸ்பானிய அரசு கத்தோலிக்கர்களைக் குடியேற அழைத்தது. பக்கத்துத் தீவுகளின் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தங்கள் அடிமைகளுடன் வந்து இறங்கினார்கள். 1797-இல் ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அங்கே தெருவில் ஓடிய மொழி பிரெஞ்சுக் கிரியோல், அதாவது தோட்டங்களில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கலப்புமொழி. ஜமைக்கா பிரெஞ்சு ஆட்சியையே பார்க்காத தீவு. அங்கே அனன்சி என்னும் சிலந்தியின் கதைகளைத்தான் சொல்வார்கள்; கிரிக்-கிராக் அங்கே வழக்கமில்லை.

சரி, இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது? ஹைத்தியில் 'லாக்கூ' என்று ஒன்று உண்டு. ஒரே குடும்பத்தின் கிளைகள் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வீடு கட்டி வாழும் இடம். நம் 'வளவு' அதற்கு அப்படியே பொருந்தும். வேலை முடிந்து, சாப்பாடும் முடிந்து, இருட்டியபின் அந்த முற்றத்தில் கூடுவார்கள். ஒருவர் 'கிரிக்?' என்பார். அவர் கதை வேண்டுமென்றால் 'கிராக்!' என்று எழும். வேண்டாமென்றால் பதில் வராது. அவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான், இன்னொருவர் முயல்வார். கேள்விக்குறியை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். கதைசொல்லி அனுமதி கேட்கிறார். கூட்டத்தில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் அந்த அனுமதியில் பங்கு உண்டு. மார்ட்டினிக்கில் கதையின் நடுவிலும் குரல் எழும்: 'முற்றம் தூங்குகிறதா?' 'இல்லை, முற்றம் தூங்கவில்லை!'

கதைக்கு முன் விடுகதை போட்டுப் பிள்ளைகளை உசுப்புவதும் உண்டு. அதற்குத் தனி வாசகம்: 'டிம் டிம்?' என்றால் 'புவா செக்!' என்று பதில். பதிலின் நேர்ப்பொருள் காய்ந்த கட்டை. அப்புறம் சரமாரியாக வரும். படுத்திருக்கும் தண்ணீர் எது? தர்பூசணி. நிற்கும் தண்ணீர் எது? கரும்பு. தொங்கும் தண்ணீர் எது? தேங்காய். நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி தமிழ்ச் சொல். 'கதை கேட்கிறீர்களா? கேட்கிறோம்' என்று பெயர்த்தால் பொருள் வரும், சுள்ளி முறிகிற அந்தச் சத்தம் போய்விடும். இலக்கணப்படி 'கிரிக்கு? கிராக்கு!' என்று உகரம் சேர்க்கலாம். சேர்த்தால் ஓசை மழுங்குகிறது. எனவே கதைக்குள் 'கிரிக்? கிராக்!' என்றே விட்டுவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு இரண்டாவது பக்கத்திலேயே பழகிவிடும்.

அந்த வழக்கத்துக்குப் பெயர் வேண்டுமென்றால், நம்மிடம் 'உம் கொட்டுதல்' இருக்கிறது. பாட்டி கதை சொல்கிறார், பேத்தி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'உம்' என்கிறாள். உம் நின்றால் கதையும் நிற்கும்: 'என்னடி, தூங்கிட்டியா?' மார்ட்டினிக் முற்றத்தில் கேட்ட அதே கேள்வி. ஒரு வேறுபாடு உண்டு. கிரிக்-கிராக் கதையின் வாசலில் கேட்பது, உம் கதை நெடுகிலும் கூடவே நடப்பது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதும் நினைவுக்கு வரும். ஆனால் ஆமா போடுபவர் மேடையில் இருப்பவர். கிராக் சொல்வது கேட்க வந்தவர்கள். அதனால் உம் கொட்டுதல்தான் நெருங்கிய உறவு. கட்டுரையில் எழுதும்போது 'கிரிக்-கிராக் என்னும் உம் கொட்டல்' என்று ஒரு முறை விளக்கிவிட்டால், படிப்பவருக்குச் சட்டென்று பிடிபடும்.

இரண்டு வழக்கங்களும் ஒரே மண்ணில் வாழ்ந்த காலமும் உண்டு. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மார்ட்டினிக்குக்குக் கப்பலேறினார்கள், மறு ஆண்டு முதல் குவாதலூப்புக்கும். உம் கொட்டி வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் கிரியோல் பேசி, 'கிராக்!' சொல்லி வளர்ந்தார்கள்.

கதையை முடிக்கவும் வாசகம் இருக்கிறது. டிரினிடாட்டிலும் கிரெனடாவிலும், 'கிரிக் கிராக், கம்பி வளைந்தது, கதை முடிந்தது' என்பார்கள். ஆங்கிலக் கிரியோலில் 'வளைந்தது' என்பதும் 'முடிந்தது' என்பதும் எதுகையாக விழும் சொற்கள், கம்பிக்கு அங்கே வேறு வேலை இல்லை. இதற்கு மட்டும் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை: கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது.