ஸ்ட்ரைக் கேன்சல் ஆயிடுச்சே, அப்புறம் ஏன் ட்ரெயின் ஓடல?

2022 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை. மறுநாள் ஆரம்பிக்க இருந்த ஸ்ட்ரைக்க நிறுத்தி வைக்கிறோம்னு பிரிட்டன்ல ரயில்வே தொழிலாளர் சங்கமான ஆர்எம்டி யூனியன் அறிவிச்சாங்க. 5, 7, 9 மூணு நாளும் கிடையாது. அப்போ சனிக்கிழமை எப்பவும் போல ட்ரெயின் ஓடணும்ல? ஓடல. அரைகுறை சர்வீஸ்தான், பாதிப்பு திங்கட்கிழமை வரைக்கும் இழுத்துச்சு. வேணும்னே பண்றாங்கன்னு தோணும், ஆனா உள்ள நடக்குற கணக்க பாத்தா அப்படி சொல்ல மனசு வராது.

ஸ்ட்ரைக் பண்ணணும்னா அப்போ அங்க சட்டப்படி 14 நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும். அந்த ரெண்டு வாரத்துல ரயில்வே ஆளுங்க உக்காந்து கம்மி ட்ரெயின வச்சு தனியா ஒரு டைம்டேபிள் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ரேக் (ஒரு ட்ரெயினா ஓடுற பெட்டிகளோட செட்), ட்யூட்டி எல்லாத்தையும் மாத்தி அமைச்சிருப்பாங்க. கேன்சல் பண்றதுக்கு அப்படி எந்த நோட்டீஸும் இல்ல. ரெண்டு வாரம் போட்ட முடிச்ச ஒரே ராத்திரில அவுக்கணும்.

முதல்ல ரேக். காலைல 5:30க்கு மான்செஸ்டர்லேருந்து லண்டன் கிளம்புற வண்டி ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோங்க, அந்த ரேக் முந்தின நாள் ராத்திரியே அங்க வந்து, க்ளீன் பண்ணி, செக் பண்ணி நின்னிருக்கணும். ஸ்ட்ரைக் ப்ளான்படி அது லண்டன் பக்கம் ஏதோ ஒரு யார்டுல நிக்குது. காலியா ஓட்டிட்டு போலாமேன்னா, அதுக்கும் ராத்திரில ட்ரைவர் வேணும், சிக்னல் பாக்க ஆள் வேணும், லைனும் ஃப்ரீயா இருக்கணும்.

ஆளுங்க விஷயம் இதவிட சிக்கல். 1988 டிசம்பர்ல லண்டன் கிளாப்ஹாம் ஜங்ஷன் கிட்ட நடந்த விபத்துல 35 பேர் செத்துப்போனாங்க, காரணம் சிக்னல் வயரிங்ல நடந்த தப்பு, அந்த வேலைய பாத்த டெக்னீஷியன் அதுக்கு முன்னாடி 13 வாரத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார். அதுக்கப்புறம் வந்த கட்டுப்பாடுகள்ல ஒண்ணு, ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 12 மணி நேரம் ஓய்வு. ராத்திரி 11க்கு ட்யூட்டி முடிச்சவர மறுநாள் காலைல 11க்கு முன்னாடி கூப்பிட முடியாது. சரி, வேற ட்ரைவர போடலாம்னா அவருக்கு அந்த ரூட் தெரிஞ்சிருக்கணும், சிக்னல் எங்க, ஸ்பீட் லிமிட் எங்க மாறுது, எங்க ப்ரேக் பிடிக்க ஆரம்பிக்கணும்னு எல்லாம் கத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருக்கணும், அந்த மாடல் வண்டி ஓட்டவும் தகுதி இருக்கணும். ஆள் இருந்தும் வண்டி நிக்குறது இதனாலதான்.

தண்டவாளத்துலயும் ஒரு வேடிக்கை இருக்கு. நிறைய இடத்துல, ட்ரெயின் எங்க இருக்குன்னு சிக்னல் கண்டுபிடிக்கிறது ரெண்டு ரெயில்லயும் ஓடுற சின்ன கரண்ட வச்சுதான், சக்கரமும் ஆக்ஸிலும் அத ஷார்ட் பண்ணினா அங்க வண்டி இருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நாள் வண்டியே ஓடாத லைன்ல துரு படிஞ்சா கரண்ட் சரியா பாயாது, வண்டி நின்னாலும் சிஸ்டம் லைன் காலின்னு நெனச்சுக்கும். அதனால அந்த மாதிரி லைன எடுத்த எடுப்புல முழு டைம்டேபிளுக்கு திறந்து விட முடியாது.

தூரம் கூடக்கூட கஷ்டமும் கூடும். அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவுல சரக்கு ரயில் ஸ்ட்ரைக் வரப்போகுதுன்னு இருந்தப்ப, அங்க பயணிகள் ரயில் ஓட்டுற ஆம்ட்ராக் கம்பெனி நீண்ட தூர ட்ரெயின்கள முன்கூட்டியே கேன்சல் பண்ண ஆரம்பிச்சாங்க, ஏன்னா அந்த வண்டிங்க பெரும்பாலும் சரக்கு கம்பெனிகளோட தண்டவாளத்துலதான் ஓடுது, ஸ்ட்ரைக் ஆரம்பிச்சா பயணிகளோட நடுவழில மாட்டிக்கும். 15ஆம் தேதி விடியக்காலைல ஒப்பந்தம் ஆயிடுச்சு. ஆனா சிகாகோலேருந்து சியாட்டிலுக்கு ரெண்டு ராத்திரி பயணம். சிகாகோலேருந்து கிளம்பாத வண்டி சியாட்டில்ல இருக்காது, அங்கேருந்து திரும்பி வரவேண்டிய சர்வீஸுக்கும் ரேக் கிடையாது, ஒப்பந்தத்துல யாரு எவ்ளோ சீக்கிரம் கையெழுத்து போட்டாலும் சரி.