தாடைக்கு எலும்பு எங்கிருந்து? இடுப்பா, காலா?

கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும் என்று சொன்னதும் வீட்டார் முதலில் கேட்பது செலவு. அடுத்தது, "வைக்கிற எலும்பை எங்கேருந்து எடுப்பீங்க டாக்டர்?" காலில் இருந்து என்றால் பலருக்கு முகம் மாறிவிடும். நடவும் அறுப்புமாக வாழ்கிற ஊர்களில் காலைத் தொடுகிறார்கள் என்றால் பயம் வரத்தான் செய்யும்.

கும்பகோணம் வெற்றிலைக்குப் பெயர் போன பகுதி இது. அதோடு போயிலையைக் கன்னத்தில் அடக்கும் பழக்கமும் உண்டு. ஈறிலும் கன்னத்திலும் தொடங்கும் புற்று தாடை எலும்புக்குள் இறங்கிவிடும். போயிலையே தொடாத இளவயதுக்காரர்களுக்கும் அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டியால் தாடையை எடுக்க நேர்வதுண்டு. இது புற்று இல்லை. ஆனால் சுரண்டி மட்டும் விட்டால் திரும்ப வரக்கூடியது.

எலும்பு வைப்பதில் இரண்டு வழி உண்டு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஒரு துண்டை வெட்டி, அப்படியே இடைவெளியில் பொருத்துவது முதல் வழி. அந்தத் துண்டுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள சதைதான் அதைப் பிழைக்க வைக்க வேண்டும், நாற்று வயலின் ஈரத்தை நம்பியிருப்பது போல. அதனால் இடைவெளி ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சதை ஆரோக்கியமாக இருக்க வேண்டும், கதிர்வீச்சு பட்டிருக்கக் கூடாது, வாய்க்குள்ளிருந்து எச்சில் கசியக் கூடாது. சிறிய, புற்றல்லாத கட்டிகளுக்கு இது நல்ல வழி. புற்றுநோயாளிக்கு இதை வைத்துவிட்டு, பிறகு 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைக்க அனுப்புவதை நான் ஆதரிப்பதில்லை.

இரண்டாவது வழி, எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாய்களோடு தைப்பது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமுள்ள ஃபிபுலா என்ற மெல்லிய எலும்புதான் இதற்கு அதிகம் பயன்படுகிறது. 1975-ல் ஆஸ்திரேலியாவின் டெய்லர் இந்த எலும்பைக் குழாயோடு எடுத்துக் காலுக்கே பயன்படுத்தினார். 1989-ல் அமெரிக்காவின் ஹிடால்கோ தாடைக்கு வைத்துக் காட்டினார். இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கிடைக்கும், வாய்க்குள் மூடத் தோலும் கூடவே வரும், கதிர்வீச்சையும் தாங்கும். குறை, அதன் உயரம். நம் தாடையளவு உயரம் இல்லாததால், பிற்பாடு பல் கட்டுவதற்காகச் சிலருக்கு இரண்டாக மடித்து அடுக்க வேண்டியிருக்கிறது. குழாயோடு எடுக்கும் இடுப்பெலும்பு உயரத்தில் ஜெயிக்கும். ஆனால் அதன் குழாய் குட்டை, சதை தடிமன், வயிற்றுச் சுவர் பலவீனமாகிக் குடலிறக்கம் வரலாம்.

சரி, கால் என்ன ஆகும்? உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது பக்கத்தில் உள்ள பெரிய எலும்பு. கணுக்கால் பக்கம் ஆறு சென்டிமீட்டராவது விட்டுத்தான் எடுப்போம், மூட்டு நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக. கட்டைவிரலை மடக்கும் பலம் குறையலாம், கணுக்கால் சில மாதம் பிடித்துக்கொள்ளலாம். சேற்றில் இறங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், "கால் வேண்டாம், இடுப்பில் எடுங்கள்" என்று கேட்டவர்கள்தான் முதல் சில வாரம் நடக்க அதிகம் சிரமப்படுகிறார்கள்.

கால் எலும்பை எல்லோருக்கும் எடுத்துவிட முடியாது. நீண்டகாலச் சர்க்கரை, பீடி சிகரெட் உள்ளவர்களுக்குக் காலின் ரத்தக்குழாய்கள் அடைத்திருக்கலாம். அதிலிருந்து ஒன்றை எடுத்தால் பாதமே ஆபத்தில் சிக்கலாம். அதனால் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்களான டாப்ளரோ சி.டி. ஆஞ்சியோவோ பார்க்காமல் காலைத் தொடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தோள்பட்டை எலும்பு உதவும். அறுவைச் சிகிச்சையின் நடுவில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதில் நேரம் போகும், அவ்வளவுதான்.

மிக முதியவர், பல மணி நேர மயக்கத்தைத் தாங்காதவர் என்றால், பக்கவாட்டுத் தாடைக்கு எலும்பே வைக்காமல் சதையால் மூடுவதும் முறையான சிகிச்சைதான். டைட்டானியம் பிளேட் மட்டும் வைத்தால் நாளடைவில் அது உடையலாம், தோலைக் கிழித்து வெளியே தெரியலாம். மோவாய்ப் பகுதி மட்டும் வேறு கதை: அங்கே எலும்பு இல்லையென்றால் நாக்கு பின்னால் சரியும், எச்சில் ஒழுகும், மூச்சே சிரமமாகும். முன்தாடைக்கு எலும்பு வைக்க முடிந்தால் வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுக்கும் முன்பே கெட்ட பற்களைப் பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு செத்துப்போய், அதற்காகவே தாடையை எடுக்கும் நிலை வரலாம். எத்தனை வருடம் ஆனாலும், பல் டாக்டரிடம் உட்கார்ந்ததும் "எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள்" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.