வாக்கிங் போகிறீர்கள் சரி, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். உடற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் டெய்லி வாக்கிங் போயிர்றேன் தம்பி." சிலர் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போவார்கள், சிலர் சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவார்கள். தெப்பக்குளம் ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் அதே ஆளைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை நெஞ்சில் கட்டியபடி எழுந்திருக்கச் சொன்னால், பலருக்கு முதல் தடவையே கை தானாகத் தொடையில் போய் ஊன்றிக்கொள்கிறது.

நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் சமதரையில் நடப்பது மட்டும் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்த்துவிடாது. ஒரு நாளில் நாம் செய்கிற வேலைகளை யோசித்துப் பாருங்கள். டவுன் பஸ்ஸின் முதல் படியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். பாத்ரூமில் உட்கார்ந்து எழ வேண்டும். அரிசி டப்பாவைக் குனிந்து எடுக்க வேண்டும். பின்னால் யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும், அப்போது விழாமல் நிற்கவும் வேண்டும். இந்த அசைவுகளையே பயிற்சியாகச் செய்வதைத்தான் 'ஃபங்ஷனல் ட்ரெய்னிங்' என்கிறோம். ஜிம்மோ மெஷினோ தேவையில்லை. வீட்டில் இருக்கிற நாற்காலி, வாசற்படி, வாளி, சமையல் மேடை போதும்.

வயது ஏற ஏறத் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த இறக்கம் இன்னும் வேகமாகிறது. தசையின் அளவைவிட அதன் பலம்தான் முதலில் போகிறது. அதிலும் சட்டென்று சுருங்கி வேலை செய்கிற வேகத் தசைநார்கள் மற்றவற்றைவிட அதிகமாக மெலிகின்றன. கால் தடுக்கினால் அடுத்த காலை முன்னால் வைத்து நம்மைத் தாங்கிப் பிடிப்பது அந்த நார்கள்தான். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்களின் வீடுகளுக்குப் போய்வந்தவன் என்பதால் இந்தக் கணக்கை என்னால் வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பக்கத்தில் ஒருவர் எண்ண வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் அளவுகோலில், 65 முதல் 69 வயது வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. எழுபதிலிருந்து 74 வரை 12, 10. எண்பதிலிருந்து 84 வரை 10, 9. இதற்குக் கீழே இருந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று அர்த்தம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்ஜியம். பூஜ்ஜியம் வந்தால் மனசு விட்டுவிட வேண்டாம், பயிற்சியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணமான காலத்திலிருந்து மல்லிகைப் பூப் பறித்தவர். எழுபதைத் தாண்டியதும் மகன் டவுனுக்கு அழைத்து வந்துவிட்டார். மகனும் மருமகளும் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். தண்ணீர் வேண்டுமா, கைக்கே வரும். துணி மடிக்கவா, "நீங்க உக்காருங்கத்தே." சில வருடங்களில், தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்த அந்த உடம்பு சோபாவிலிருந்து எழவே ஆள் தேட ஆரம்பித்துவிட்டது. என்னிடம் வந்தபோது மூட்டுவலியைப் பற்றிக்கூட அவர் அதிகம் பேசவில்லை. "கோயிலுக்குப் போனா ஒரு அஞ்சு நிமிசம் தரையில உக்காரணும்னு ஆசையா இருக்கு. உக்காந்தா எந்திரிக்க முடியலயே தம்பி."

அப்போதே இலக்கு முடிவாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து எழ வேண்டும்.

நாற்காலியில் இரண்டு போர்வைகளை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டினோம். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவு முன்னால் சாய்ந்து, அப்புறம் எழச் சொன்னேன். முதலில் இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று உரசின. கால் விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்தன. "முட்டியை வெளிப்பக்கம் தள்ளுங்கம்மா" என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது. எழுவதைவிட முக்கியம் உட்காருவது. தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்கினால்தான் தொடை முழுதாக வேலை செய்யும். வாய்விட்டு எண்ணச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு: எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

ஒரு போர்வையை எடுத்தோம். பிறகு இரண்டாவதையும். அப்புறம் முக்காலி, அதற்கப்புறம் மணை. கடைசியில் தரை. தரையிலிருந்து எழுவதைத் தனியாகவே கற்றுக்கொடுத்தேன்: பக்கவாட்டில் திரும்பி, கையும் முட்டியும் ஊன்றி, மடித்த ஜமக்காளத்தின் மேல் மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். இது எல்லா முதியவர்களும் கற்க வேண்டிய ஒன்று என்பேன். விழுந்தவர்களில் பலருக்குப் பெரிய அடி ஒன்றும் இருக்காது. ஆனால் எழத் தெரியாமல், யாராவது வரும்வரை பாத்ரூம் தரையிலேயே கிடப்பார்கள். அப்படிக் கிடப்பதே உடம்பைக் கெடுத்துவிடும். அந்த அம்மா இப்போது ஒரு கையைச் சுவரிலோ தூணிலோ ஊன்றி எழுந்துவிடுகிறார்.

மற்ற பயிற்சிகளும் இதே மாதிரிதான். சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து நிற்பது. பிடியை விட்டு 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் சமநிலைப் பயிற்சி அவசரமாகத் தேவை. வாசற்படியில் ஏறி இறங்குவது. கால் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. தானாகப் பழகியதும் தண்ணீரைக் கூட்ட வேண்டும். சுலபமாகிவிட்ட பயிற்சியையே வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் பலம் ஏறாது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் முதியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பகுதியை உங்கள் வாக்கிங் பார்த்துக்கொள்ளும். விட்டுப்போவது மற்ற இரண்டும்தான்.

"இந்த வயசுக்கு மேல பலம் ஏறுமா?" என்று கேட்பவர்களுக்கு 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதுக்காரருக்கே ஏறும்போது, அறுபத்தெட்டில் நமக்கு என்ன தடை?

"மூட்டு தேஞ்சிருச்சு, அதனால காலை ஆட்டக் கூடாது" என்பது இன்னொரு பயம். தேய்மானம் உள்ள மூட்டுக்குத் தொடைத் தசையின் பலம்தான் பெரிய ஆதரவு. பயிற்சியின்போது லேசான வலி வரலாம். மறுநாளும் அது கூடிக்கொண்டே போனாலோ, மூட்டு வீங்கினாலோ அளவைக் குறையுங்கள்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துபோனால் வாரக்கணக்கில் படுக்கவைத்து விடாதீர்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சல் விட்டதும் கட்டிலோரம் உட்காரவையுங்கள், நாலு எட்டு நடக்கவிடுங்கள். துணி மடிக்கிறேன் என்றால் மடிக்கட்டும். மெதுவாகத்தான் செய்வார்கள், பரவாயில்லை.

தசைக்குப் புரதம் தேவை; அதற்குச் சாப்பாட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, பால், மீன் கூட வேண்டும். இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டால் தசைக்கு எதுவும் கிடைக்காது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதமோ எலும்பு முறிவோ வந்து வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.