உறைபனி, வறட்டு உறைகுளிர்: ஒரு சொல் விளக்கம்

"அப்பிங்டனில் நாளை காலை பனிப்பொழிவு." ஜூன் தொடங்கி ஆகஸ்டு முடிய, தென்னாப்பிரிக்க வானிலைக் குறிப்புகளைத் தமிழில் பெயர்த்துப் பகிர்பவர்கள் இந்த வரியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அப்பிங்டன் கலஹாரியின் ஓரத்தில், ஆரஞ்சு ஆற்றங்கரையில் உள்ள பாலை நகரம். ஆண்டுச் சராசரி மழையே 200 மில்லிமீட்டரைத் தொடாது; அதுவும் பெரும்பாலும் கோடையின் பின்பாதியில் பெய்து முடிந்துவிடும். ஜூலையில் அங்கே வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். மேகமே இல்லாத வானத்திலிருந்து எது பொழியும்? மூலத்தில் இருந்த சொல் ஃப்ராஸ்ட். அதற்குத் தமிழ் உறைபனி. பனி என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகப் பொழிவையும் சேர்த்து எழுதிவிடுகிறது.

பனி பழைய வேர். கன்னடத்தில் ஹனி என்றால் துளி. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஒரு மொழி ஈரத்தை எடுத்துக்கொண்டது, இன்னொன்று நடுக்கத்தை. தமிழ் இரண்டையும் வைத்திருக்கிறது: புல்லில் பனி இறங்குகிறது, கண் பனிக்கிறது, பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பழைய வழக்கு. "வடாஅது பனிபடு நெடுவரை" என்று புறநானூறு சொல்லும்போது அது இமயத்து வெண்பனி. முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்தபோது அது இலையில் சொட்டும் நீர்ப்பனி. ஒரே சொல் இத்தனையையும் தாங்குவதால்தான் அடைமொழி கட்டாயமாகிறது. வானத்திலிருந்து விழுவது வெண்பனி, அது விழும் நிகழ்வு பனிப்பொழிவு. கண்ணை மறைப்பது மூடுபனி. தரையிலும் இலையிலும் படிந்து வெண்படலமாக இறுகுவது உறைபனி.

உறை என்பது உறைமோரில் வரும் அதே உறை. உறைபனி வினைத்தொகை, அதில் ஒற்று மிகாது. 'உறைப்பனி' என்று எழுதினால் மிளகாய் உறைப்புத்தான் நினைவுக்கு வரும். நீராவி நீராகாமல் நேரே பனிக்கட்டித் துகளாகப் படிவதும் உண்டே, அதை உறைந்த பனி எனலாமா என்று இயற்பியல் படித்தவர்கள் கேட்பார்கள். எனலாம். புல்நுனியில் இரண்டு வகையும் கலந்தே கிடக்கும். மக்கள் பார்ப்பது இறுகிப்போன பனியைத்தான். நீலகிரிக்காரர்கள் நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு என்று தெளிவாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அங்கே தேயிலை கருகுவது உறைபனியால். சொல் வழக்கில் இருக்கிறது, பொருளும் தெளிவாக இருக்கிறது. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் பனிப்பொழிவையும் உறைபனியையும் குழப்பினால் விளைவும் உண்டு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் 2024 செப்டம்பரில் கடும் பனிப்பொழிவு. வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தன. பனிப்பொழிவு என்று படித்தால் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும். உறைபனி என்று படித்தால் பயணத்துக்குத் தடையில்லை. ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைக் கன்றைச் சாக்குப் போட்டு மூட வேண்டும், வாழைக்கன்றின் குருத்தைக் காக்க வேண்டும். டர்பன் கடற்கரையில் உறைபனியே கிடையாது என்பதால் அங்கிருந்து மொழிபெயர்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் ஒவ்வொரு ஜூலையும் காரின் முன்கண்ணாடியைச் சுரண்டுபவருக்கு அப்படித் தெரியாது.

இது எளிதில் திருத்தக்கூடிய பிழை. இதைவிடப் பெரிய தொல்லை 'கறுப்புப் பனி' என்ற ஆக்கம். 'கரும்பனி' என்று சுருக்கி எழுதி அழகு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆஃப்ரிகான்ஸ் பேசும் உழவர்கள் உறைபனியை ரெய்ப் என்பார்கள். (கனிந்தது என்பதற்கும் அவர்களிடம் அதே ஒலிதான்.) வெண்படலம் தெரிவது விட்ரெய்ப், வெள்ளை ரெய்ப். வெண்படலமே இல்லாமல் விடிந்து, பத்து மணிக்கெல்லாம் இளந்தளிர் தீய்ந்தது போல் கறுத்துத் தொங்கினால் அது ஸ்வார்ட்ரெய்ப், கறுப்பு ரெய்ப். ஆங்கிலத்திலும் அதே அமைப்பு. 'கறுப்புப் பனி' இதைச் சொல்லுக்குச் சொல் வைத்தது. அங்கே கறுப்பது செடி. பனியின் நிறம் இல்லை. அந்த மொழிக்காரருக்கு அது பழகிய வழக்கு, பொருள் மயங்காது. தமிழில் முதல்முறை படிப்பவர் கரிய நிறத்தில் ஏதோ படியும் என்றுதான் எண்ணுவார். சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் வழுக்குப் பனிக்கட்டியையும் ஆங்கிலத்தில் கறுப்பு என்றே சொல்வதால், வண்டி ஓட்டுபவருக்கான எச்சரிக்கையும் திராட்சைத் தோட்டத்துக்கான எச்சரிக்கையும் தமிழில் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன.

நிறத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லில் பொறுக்க முடியாதது 'பனி'. அந்த நிகழ்வில் பனியே கிடையாது. பனி இல்லாததால்தான் அழிவே வருகிறது.

காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலையில் படியத் தொடங்குமோ அது பனிநிலை. ஈரமான இடத்தில் இரவுக் குளிர் இறங்கி, பனிநிலையைத் தொட்டதும் புல்லில் பனி படியும். படியும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 600 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் குளிருக்குப் போட்ட தடை. அதன்பின் வெப்பநிலை மெல்ல மெல்லத்தான் இறங்கும். அப்பிங்டன் போன்ற பாலையில் பனிநிலை மைனஸ் 8-இல் கிடக்கலாம். வெப்பநிலை பூச்சியத்தைக் கடந்து மைனஸ் 2, மைனஸ் 3 என்று போனாலும் எதுவும் படியாது, தடையும் விழாது. தளிருக்குள் இருக்கும் நீர் உறைந்து உயிரணுச் சவ்வு சிதைகிறது. வெயில் ஏறியதும் கறுக்கிறது. இதற்குப் பனி என்று பெயர் வைப்பது, காவல்காரன் வராத இரவில் நடந்த திருட்டுக்குக் காவல்காரன் பெயரை வைப்பது போல.

தவறான பெயர் தவறான வேலைக்கு இட்டுச்செல்லும். ஜூலையில் திராட்சைக் கொடி உறங்குகிறது. அங்கே வரும் குளிரைத் தாங்கும். ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் மொட்டு விரிந்தபின் மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியே போதும், தளிர் போய்விடும். காக்கும் வழிகளில் ஒன்று தெளிப்புநீர். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெளிவரும். அந்த வெப்பம் தளிரைப் பூச்சியத்தில் பிடித்து வைக்கும். ஆனால் அதே ஒரு கிராம் ஆவியானால் ஏறத்தாழ 600 கலோரியை உறிஞ்சிக்கொண்டு போகும். வறண்ட காற்றில் ஆவியாதலே முந்தும். காற்று 3 டிகிரி, பனிநிலை மைனஸ் 8 என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அதாவது ஈரக்குமிழ், மைனஸ் 1-ஐக் காட்டும். 3 டிகிரி இருக்கிறதே என்று காத்திருந்து, 1 டிகிரியில் தெளிப்பானைத் திறப்பவர் நனைந்த தளிரைத் தாமே உறைய வைக்கிறார். ஈரக்குமிழ் பூச்சியத்துக்கு மேல் இருக்கும்போதே திறக்க வேண்டும். விடிந்தபின் பனிக்கட்டி உருகி உதிரும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் மின்சாரம் போனால், தெளிக்காமலே இருந்திருந்தால் ஆகும் இழப்பைவிடக் கூடுதல் இழப்பு. 'பனி' என்ற பெயரைப் பார்த்துப் புல் வெளுக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கு எச்சரிக்கை வரவே வராது.

அப்படியானால் என்ன சொல்வது? 'குளிர்க்கருகல்' என்று ஒரு பரிந்துரை உண்டு. நல்ல தமிழ், காட்சியும் சரி. ஆனால் அது செடிக்கு நேர்ந்த கேட்டின் பெயர். முதல்நாள் மாலை வானிலை அறிவிப்பில் சொல்ல வேண்டியது கேட்டுக்குக் காரணமான குளிரை. 'உலர்பனி' என்றால் திண்ம நிலையில் உள்ள கரியமில வாயுவை நினைப்பார்கள். தமிழ் இதற்கு வழி வைத்திருக்கிறது. சளி வராத இருமலை வறட்டு இருமல் என்கிறோம். கூடவே வரவேண்டிய ஈரம் வரவில்லை என்பதை 'வறட்டு' என்ற ஒரு சொல் சொல்லிவிடுகிறது, குழந்தைக்கும் விளங்குகிறது. பனி படியாமல் உறைய வைக்கும் குளிர் வறட்டு உறைகுளிர். உறைகுளிரும் வினைத்தொகைதான், ஒற்று வேண்டாம். இரண்டு சொல்லாக நீள்கிறதே என்பார்கள். சுருக்கம் வேண்டும் என்பதற்காகப் பொய்யான ஒரு சொல்லை வைத்துக்கொள்ள முடியாது.

வேறு சில மொழிபெயர்ப்புகளும் இதே அவசரத்தில் பிறந்தவை. கேப் டவுன் பக்கம் மழையோடு வந்து உள்நாட்டுக்கு ஏறும் குளிர்காற்றின் விளிம்பைக் 'குளிர் முன்னணி' என்கிறார்கள். முன்னணி தேர்தலில் நிற்பது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ஐ ஒட்டி, நார்வேயின் பெர்கன் நகர வானிலையாளர்கள் போர்க்களத்திலிருந்து எடுத்த ஃப்ரண்ட் என்ற உவமை அது. தமிழில் போர்முகம் இருக்கிறது. குளிர்முகம் என்றால் முடிந்தது. 'பனிக்காலம்' இன்னொன்று. முன்பனி மார்கழியும் தையும். இங்கே அவை கொளுத்தும் கோடை. ஆடிக் கூழ் ஊற்றும்போதுதான் இங்கே குளிர். பாலையில் அந்தக் குளிர் பெரும்பாலும் பனியில்லாத குளிர். குளிர்காலம் என்ற நேரான சொல் இருக்க, மாதத்துக்கும் இடத்துக்கும் ஒவ்வாத பருவப்பெயர் எதற்கு?

குறைந்தபட்ச வெப்பநிலையைப் பெயர்ப்பதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிக்கையில் வரும் எண் தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தது. காற்று அசையாத தெளிந்த இரவில் புல்மட்டம் அதைவிட 3 முதல் 5 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். ஜூலையில் அப்பிங்டனின் வழக்கமான விடியற்காலை 3, 4 டிகிரி. பகல் 20-ஐ எட்டும். எனவே '3 டிகிரி' என்ற அறிக்கையோடு உறைபனி எச்சரிக்கையும் வந்தால் முரண் என்று நினைத்து அதை வெட்டிவிடக்கூடாது. மைனஸ் குறியை விழுங்குவதும் நடக்கிறது. எண்ணுக்கு முன்னால் 'மைனஸ்' என்று எழுத்தில் போடுவதே பாதுகாப்பு. 'இரவு வெப்பநிலை' என்பதும் சரியில்லை. கடுங்குளிர் நள்ளிரவில் வருவதில்லை. சூரியன் எழும் நேரத்தை ஒட்டி வரும், ஜூலையில் அங்கே அது ஏழரை மணி. 'விடியற்குளிர்' என்றால் நேரமும் சேர்ந்து வரும்.

குளிர்முகம் கடக்கும் நாளில் காற்றும் மேகமும் இருப்பதால் உறைவு குறைவு. அடுத்த இரண்டு இரவுகள்தான் ஆபத்து: வானம் வெளுக்கும், காற்று அடங்கும், பனிநிலை கீழே கிடக்கும். அந்த மாலையில் தமிழ் அறிவிப்பு இப்படி வரலாம்:

"அப்பிங்டன், செப்டம்பர் முதல் வாரம். வானம் தெளிவு, காற்று அமைதி. விடியற்குளிர் பெட்டி அளவில் 2 டிகிரி, புல்மட்டத்தில் மைனஸ் 2. பனிநிலை மைனஸ் 8. வறட்டு உறைகுளிர், வெண்படலம் தெரியாது. தெளிப்பான் வைத்திருப்பவர்கள் ஈரக்குமிழ் அளவைப் பார்த்துத் திறக்கவும்."