எந்த முகத்தோடு தொழப் போவது?

ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்தால் கடன் கணக்கை எப்படியோ சொல்லிவிடுகிறார்கள். முஸ்லிம் இளைஞர்கள் சிலருக்கு அதைவிடச் சொல்லக் கூசும் விஷயம், தொழுகையை விட்டு மாதக்கணக்காகிவிட்டது என்பது. "பொண்டாட்டி நகைய அடகு வெச்சு ஆடுனவன், எந்த முகத்தோட சார் ஜும்ஆவுக்குப் போறது?" என்று கேட்டார் ஒருவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவாராம்.

சூது ஹராம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் மறந்தது தவ்பாவை, அதாவது பாவத்திலிருந்து மனம் திருந்தி இறைவனிடம் மீள்வதை. தமக்குத் தாமே வரம்பு மீறிக்கொண்டவர்களை அழைத்துத்தான், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறது குர்ஆன் (39:53). அவர் போன்றவர்களுக்கே வந்த அழைப்பு அது.

பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதிகொள்வது. தவ்பாவுக்கு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்லும் நிபந்தனைகள் இவை. அடுத்தவர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது. என் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த நான்காவதுதான். வெட்கம் ஆளைச் சுருண்டு படுக்க வைக்கும். இது எழுப்பி வேலை கொடுக்கும். நகை மனைவியுடையது, ஆகவே அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னார். அப்புறம் இருவரும் அடகுச் சீட்டுகளை என் மேசையில் பரப்பி, எது முதலில் ஏலத்துக்குப் போகும் என்று தேதிவாரியாக அடுக்கினார்கள். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு மனைவி கைக்குப் போனது.

"சொந்தக்காரங்ககிட்டயும் சொல்லிடவா?" என்றார். வேண்டாம் என்றேன். அல்லாஹ் மறைத்து வைத்ததைத் தானே ஊருக்குச் சொல்லித் திரிவதை நபிமொழி கண்டிக்கிறது. கடன் கொடுத்தவருக்கும் மனைவிக்கும் தெரிந்தால் போதும்.

சரி, மறுபடி ஆடிவிட்டால்? அடியான் ஒருவன் பாவம் செய்து மன்னிப்புக் கேட்கிறான், மறுபடி செய்கிறான், மறுபடி கேட்கிறான், ஒவ்வொரு முறையும் மன்னிக்கப்படுகிறான் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உண்டு. மனதார அன்று செய்த தவ்பா இன்றைய சறுக்கலால் பொய்யாகிவிடாது. ஆனால் விட நினைத்தும் கை தானாக ஃபோனுக்குப் போகிறதென்றால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பேசுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம்: அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.